பேசும்போது இருளும் திரை: ஏழு நம்பிக்கைகள், ஏழு உண்மைகள்

கேஸ் சிலிண்டர் பதிவு செய்யப் போன் போடுகிறோம். மொழிக்கு ஓர் எண், பதிவுக்கு ஓர் எண் என்று மறுமுனைக் குரல் அடுக்கிக்கொண்டே போகிறது. எண்ணை அழுத்தலாம் என்று போனைக் காதிலிருந்து எடுத்தால் திரை கறுத்துக் கிடக்கிறது. தட்டினாலும் தேய்த்தாலும் வெளிச்சம் வரவில்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டு அந்தக் குரல் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. வங்கிக்கு அழைத்தாலும் இதே தொல்லை. பேசி முடித்த பிறகு அழைப்பை கட் செய்ய முடியாமல், எதிர்முனையில் இருப்பவர் வைக்கட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு.

இந்தக் கோளாறில் அதிகம் தவிப்பவர்கள் வயதானவர்களும், பழைய போனை வைத்துச் சமாளிப்பவர்களும்தான். ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வதும் அவர்களிடம்தான். வீட்டிலேயே சில நிமிடங்களில் கண்டுபிடிக்கக்கூடிய காரணத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: டிஸ்ப்ளே போய்விட்டது. மாற்றினால்தான் சரியாகும்.

உண்மை: டிஸ்ப்ளே பழுதானால் வீடியோ பார்க்கும்போதும், செய்தி படிக்கும்போதும் கோடு விழும், மினுங்கும், அணையும். மற்ற நேரமெல்லாம் பளிச்சென்று இருந்து, அழைப்பின்போது மட்டும் திரை அணைகிறதென்றால் சந்தேகப்பட வேண்டியது பிராக்ஸிமிட்டி சென்சாரை. அருகில் ஏதாவது பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு கருவி அது. காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கரை ஒட்டி, திரையின் மேல் விளிம்பில் இருக்கும்.

பெரும்பாலான போன்களில் இதற்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் ஒரு குட்டி விளக்கும், திரும்பி வரும் ஒளியை அளக்கும் ஓர் உணரியும் இருக்கின்றன. காதும் கன்னமும் நெருங்கினால் ஒளி பட்டுத் திரும்பும். திரும்பும் அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் 'அருகில்' என்று சென்சார் சொல்லும்; போன் திரையையும் டச்சையும் அணைக்கும். அளவு இன்னொரு கீழ்வரம்புக்கு இறங்கினால் 'தொலைவில்' என்று சொல்லும். திரை மீண்டும் ஒளிரும். பல போன்களில் இந்த எல்லை ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்.

கன்னம் பட்டு கால் கட் ஆகாமலும், மியூட் ஆகாமலும் காப்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். 2007இல் வந்த முதல் ஐபோனிலேயே இது இருந்தது. ஆகவே, அழைப்பின்போது திரை அணைவது கோளாறு அல்ல. காதிலிருந்து எடுத்த பிறகும் அது விழிக்காமல் இருப்பதுதான் கோளாறு.

நம்பிக்கை 2: ஸ்கிரீன் டைம்அவுட்டை 30 விநாடியிலிருந்து 10 நிமிடமாக மாற்றினால் போதும்.

உண்மை: டைம்அவுட் என்பது, நாம் தொடாமல் இருந்தால் எவ்வளவு நேரத்தில் திரை அணைய வேண்டும் என்ற கணக்கு. சென்சார் சொல்லி அணைவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. டெவலப்பர் ஆப்ஷனில் இருக்கும் 'ஸ்டே அவேக்' வசதியும் இங்கே உதவாது. சார்ஜ் ஏறும்போது திரை அணையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை.

டைம்அவுட்டையும் சென்சாரையும் பிரித்தறிவது எளிது. ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துப் பேசும்போது திரை முதலில் மங்கி, பிறகு அணைந்து, பவர் பட்டனைத் தொட்டதும் விழித்தால் அது டைம்அவுட். எண்ணை டயல் செய்த கணமே, போன் இன்னும் கையில் இருக்கும்போதே, சட்டென்று கறுத்தால் அது சென்சார்.

நம்பிக்கை 3: நல்ல டெம்பர்டு கிளாஸ்தான் ஒட்டியிருக்கிறேன். அதனால் எப்படிக் கோளாறு வரும்?

உண்மை: அதிகம் நடப்பது இதுதான். சென்சார் தன் ஒளியைக் கண்ணாடி வழியாகத்தான் வெளியே அனுப்புகிறது; அதே கண்ணாடி வழியாகத்தான் திரும்பப் பெறுகிறது. நடுவில் கறுப்பு விளிம்போ, பசையோ, காற்றுக்குமிழோ, அழுக்கோ இருந்தால் ஒளி வெளியே போகாமல் அங்கேயே பட்டு உணரிக்குத் திரும்பிவிடும். கொடைக்கானல் மலைப்பாதையில் பனிமூட்டத்தின்போது ஹை பீம் போட்டால் வெளிச்சம் ஓட்டுநர் கண்ணிலேயே திரும்பி அடிப்பதைப் போல. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டோம் என்று சென்சாருக்குத் தெரியாது. அளவு கீழ்வரம்புக்கு இறங்காததால் 'அருகில்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். திரை அணைந்து, விழிக்காமல் போவது இதனால்தான்.

வேறு மாடலுக்குச் செய்த கிளாஸை 'இதுவும் பொருந்தும்' என்று ஒட்டுவது, பழைய கிளாஸின் ஓரம் தூக்கி அதற்குள் தூசி சேர்வது, பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல் மறைக்கும் பிரைவசி கிளாஸ், மேல் விளிம்பை மூடும் தடித்த கவர் ஆகிய எல்லாமே இதைச் செய்யக்கூடும். நம் ஊர் வெயிலில் வியர்வையும், தலையெண்ணெயும், முகப் பவுடரும் சேர்ந்து காது படும் இடத்தில் ஒரு படலமாகப் படிகின்றன. அதுவும் ஒளியை மறிக்கும்.

கண்ணாடியின் நிறம்கூட இந்த விஷயத்தில் பொருட்டுதான். வெள்ளை நிற ஐபோன் 4, கறுப்பு வந்து பல மாதங்கள் கழித்து, 2011 ஏப்ரலில்தான் விற்பனைக்கு வந்தது. தாமதத்துக்கான காரணங்களில் ஒன்றாக, வெள்ளைப் பூச்சு சென்சார்களோடு ஒத்துப்போக வேண்டியிருந்ததையும் ஆப்பிளின் பில் ஷில்லர் அப்போது குறிப்பிட்டார். தொழிற்சாலையே அவ்வளவு கவனம் எடுத்த இடத்தில்தான், எந்த யோசனையும் இல்லாமல் நாம் ஒரு கிளாஸை ஒட்டுகிறோம்.

முதலில் கவரைக் கழற்றுங்கள். மென்மையான துணியைச் சற்றே ஈரமாக்கி மேல் விளிம்பைத் துடையுங்கள். பிறகும் சரியாகவில்லை என்றால் கிளாஸை உரித்துவிட்டு ஓர் அழைப்பு செய்து பாருங்கள். ஸ்பீக்கர் இடுக்கில் ஊசியோ பின்னோ விட்டுக் குத்தாதீர்கள். சென்சார் பெரும்பாலும் அந்தத் துளைக்குள் இருப்பதில்லை. கிழிவது ஸ்பீக்கரின் வலைதான்.

நம்பிக்கை 4: சென்சாரைச் சரிசெய்ய ஆப் இருக்கிறது. இல்லையென்றால் ஃபேக்டரி ரீசெட் போட்டால் தீரும்.

உண்மை: கண்ணாடியில் படிந்த எண்ணெயை எந்த ஆப்பும் துடைக்காது. சென்சாரின் வரம்புகளை மாற்றும் உரிமை சாதாரண ஆப்களுக்குக் கிடையாது. அது போனின் அடிப்படை மென்பொருளிடம் இருக்கிறது. சென்சார் வேலை செய்கிறதா என்று காட்டும் ஆப்கள் பயனுள்ளவை. 'சரிசெய்து தருகிறேன்' என்று சொல்லி, தொடர்பு எண்களையும் கோப்புகளையும் பார்க்க அனுமதி கேட்கும் ஆப்களை விட்டு விலகுங்கள்.

சோதிக்கும் வழி பல போன்களுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான சாம்சங் போன்களில் டயல் பகுதியில் *#0*# என்று அழுத்தினால் சோதனைப் பட்டியல் திறக்கும். அதில் சென்சார் பகுதிக்குப் போய், மேல் விளிம்பைக் கையால் மூடினால் திரை பச்சையாகி, போன் அதிரும். கையை எடுத்தால் நிற்க வேண்டும். ஷாவ்மி, ரெட்மி போன்களில் *#*#6484#*#* அழுத்தினால் இதுபோன்ற பட்டியல் வரும். பிராக்ஸிமிட்டி சென்சார் சோதனை அதில் இருக்கும்.

மென்பொருள்தான் காரணமா என்று பார்க்க, ஆண்ட்ராய்டு போனைச் சேஃப் மோடில் இயக்கி ஓர் அழைப்பு செய்யுங்கள். நீங்கள் நிறுவிய ஆப்கள் அதில் ஓடாது. அங்கே சரியாக இருந்தால் கடைசியாகச் சேர்த்த ஆப்பை நீக்குங்கள். சிஸ்டம் அப்டேட் வந்திருந்தால் போடுங்கள். ஃபேக்டரி ரீசெட் எல்லாம் பார்த்த பிறகு கடைசியாகச் செய்யவேண்டியது. பேக்கப் எடுக்காமல் அதைச் செய்து, பேரன் பேத்திகளின் படங்களை இழந்தால் அவை திரும்பி வராது.

நம்பிக்கை 5: பேசும்போது திரை கறுத்தால் யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள்.

உண்மை: ஒட்டுக் கேட்பவர் யாராக இருந்தாலும், உங்கள் கவனத்தை ஈர்க்கும்படி திரையை அணைக்க மாட்டார். கறுத்த திரை அதற்கு அடையாளம் அல்ல. சில ஓஎல்இடி போன்களில் சென்சார் திரைக்கு அடியிலேயே இருக்கிறது. ஐபோன் 14 புரோவிலும் 2022இல் அப்படி மாற்றினார்கள். இத்தகைய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில், அழைப்பின்போது மேலே ஒரு சிறு வெள்ளைப் புள்ளி மினுங்கும். சென்சாரின் ஒளி திரையில் பட்டுத் தெரிவது அது. அதற்கும் அஞ்ச வேண்டாம்.

அச்சம் இருக்கவேண்டிய இடம் வேறு. முன்பின் தெரியாதவர் போனில் பேசிக்கொண்டே ஏதோ ஓர் ஆப்பை நிறுவச் சொன்னாலோ, திரையைப் பகிரச் சொன்னாலோ, *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னாலோ உடனே வைத்துவிடுங்கள். அந்த எண் உங்கள் அழைப்புகளை வேறொருவருக்குத் திருப்பிவிடும். இந்த மோசடி காரணமாகவே, யுஎஸ்எஸ்டி (*, # குறிகள் கொண்ட எண்ணை டயல் செய்யும் முறை) வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

நம்பிக்கை 6: கதிர்வீச்சு மூளைக்குப் போகாமல் இருக்கத்தான் திரை அணைகிறது.

உண்மை: அழைப்பைச் சுமக்கும் ரேடியோ அலை ஆன்டெனாவிலிருந்து வருகிறது. திரை எரிந்தாலும் அணைந்தாலும் அழைப்பு நடக்கும்வரை அது இருக்கும். அதை உடல் உறிஞ்சும் அளவுக்கான வரம்பு இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் கிலோவுக்கு 1.6 வாட். பெரும்பாலான போன்களில் *#07# அழுத்தினால் அந்தப் போனின் அளவைப் பார்க்கலாம். சென்சாரின் அகச்சிவப்பு ஒளியோ டிவி ரிமோட்டில் இருக்கும் வகையைச் சேர்ந்தது. அதுவும் மிகச் சிறிய அளவு.

அந்த ஒளியை நீங்களே பார்க்கலாம். இன்னொரு போனின் முன்பக்கக் கேமராவை டிவி ரிமோட்டின் முனைக்கு நேராக வைத்து, ரிமோட்டை அழுத்துங்கள். ஊதா நிறத்தில் ஒளி தெரிந்தால், அந்தக் கேமரா அகச்சிவப்பைக் காணும். பிறகு மங்கலான அறையில், அழைப்பில் இருக்கும் போனின் மேல் விளிம்பை அதே கேமராவால் பாருங்கள். புள்ளி மினுங்கினால் சென்சாரின் விளக்கு வேலை செய்கிறது.

நம்பிக்கை 7: மலிவு போன் வாங்கினால் இப்படித்தான். விலை உயர்ந்த போனில் வராது.

உண்மை: 2010இல் ஐபோன் 4 வாங்கிய பலர், கன்னம் பட்டு கால் கட் ஆகிறது, மியூட் ஆகிறது என்று புகார் சொன்னார்கள். அணைய வேண்டிய திரை அணையாமல் விழித்துக்கொண்டதே காரணம். அவ்வாண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 4.1 அப்டேட்டில் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. ஷாவ்மி 2016இல் வெளியிட்ட மி மிக்ஸில், திரையை விளிம்புவரை நீட்டுவதற்காக அகச்சிவப்பு சென்சாரையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, நார்வேயின் எலிப்டிக் லேப்ஸ் உருவாக்கிய மென்பொருள், மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை வீசி எதிரொலியை வைத்துக் கணக்கிட்டது. அதன்பின் இப்படிப்பட்ட மெய்நிகர் சென்சார்கள் பல போன்களுக்கு வந்துவிட்டன. அவற்றில் ஒளி மறைவதைவிட, ஸ்பீக்கர் துளையும் மைக் துளையும் அடைபடுவதும் மென்பொருள் பிழையும்தான் பெரிய சந்தேகங்கள். ஆகவே உங்கள் போனில் எந்த வகை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு துடைப்பது நல்லது.

இனி அவசரத்துக்கு உதவும் சில வழிகள். இயர்போனோ புளூடூத் ஹெட்செட்டோ இணைத்துப் பேசினால் பொதுவாகப் போன் சென்சாரைக் கேட்காது. திரை விழித்தே இருக்கும். அழைப்பை கட் செய்ய மட்டும் வழி வேண்டுமானால், ஆண்ட்ராய்டில் ஆக்சஸிபிலிட்டி பகுதியில் 'பவர் பட்டன் அழைப்பை முடிக்கும்' என்ற வசதியைப் போட்டுக்கொள்ளலாம். தாத்தா பாட்டியின் போனில் அதை இன்றே போட்டுக் கொடுங்கள். சில போன்களில் சென்சாரையே அணைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் கன்னம் பட்டு மியூட்டும் ஹோல்டும் விழும் என்பதால், நிரந்தரத் தீர்வாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

துடைத்தும், கிளாஸை உரித்தும், சேஃப் மோடில் பார்த்தும் மாற்றம் இல்லையென்றால் கடைக்குப் போகலாம். டிஸ்ப்ளே மாற்றிய பிறகு இந்தக் கோளாறு தொடங்கியிருந்தால், சென்சாரைச் சுற்றியிருக்கும் சிறு ரப்பர் வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். விளக்கின் ஒளி உள்ளுக்குள்ளேயே உணரிக்குக் கசியாமல் தடுப்பது அதுதான். ஐபோன் எக்ஸ் முதலான மாடல்களில் பலவற்றில் இந்தச் சென்சார் ஃபேஸ் ஐடி பாகங்களோடு பிணைந்திருப்பதால், அனுபவமுள்ள கையிடம் கொடுங்கள். எந்தக் கடையானாலும், டிஸ்ப்ளேயை மாற்ற வேண்டும் என்று சொன்னால், முதலில் சென்சார் சோதனையை உங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். பணம் கொடுப்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. நேர்மையாகத் தொழில் செய்பவர் அதை மறுக்க மாட்டார்.