பொத்தானை அமுக்கினால் பார்பிக்யூவா? பெல்லட் ஸ்மோக்கர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் வெயில் காலம் தொடங்கினால் வீட்டுச் சாமான் கடை வாசல்களில் பெல்லட் ஸ்மோக்கர்களை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். கறுப்பு உருளை, பக்கத்தில் ஒரு தொட்டி, முன்னால் டிஜிட்டல் திரை, கீழே சக்கரம். டல்லஸ், ஹூஸ்டன் பக்கம் தனி வீடு வாங்கிய நம் ஆட்கள் பலருக்கும் இதன் மேல் ஒரு கண் இருக்கிறது. வாங்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதில் பாதி அரைகுறை.

“அது கரண்ட் அடுப்புங்க” என்பதுதான் முதலில் காதில் விழும். கரண்ட் வேண்டும், ஆனால் கறியை வேகவைப்பது கரண்ட் அல்ல. பெல்லட் என்பது மரத்தூளை அழுத்தி, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனத்தில் செய்த துண்டு. அழுத்தும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னினே இளகிப் பிடித்துக்கொள்ளும். 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் வீட்டைச் சூடாக்கப் பரவிய எரிபொருள் இது. ஓரிகன் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சல் ஊர்க்காரர் ஜோ ட்ரேகர் 1980களின் நடுவில் இதைச் சமையலுக்குக் கொண்டுவந்தார். அவருடைய காப்புரிமை முடிந்த பிறகுதான் இத்தனை கம்பெனிகள் கடைக்கு வந்தன.

தொட்டிக்கு அடியில் ஒரு திருகு சுழன்று, உள்ளங்கையில் அடங்கும் ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் பெல்லட்டைத் தள்ளுகிறது. பழுக்கக் காய்ந்த ஒரு கம்பி அதைப் பற்றவைக்கிறது. சின்ன ஃபேன் ஊதுகிறது. தீ பிடித்ததும் கம்பி அணைந்துவிடும். அதன் பிறகு கரண்ட் செலவு ஃபேனுக்கும் திருகுக்கும் திரைக்கும் மட்டுமே. கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் போட்டிகளில் கேஸிலும் கரண்ட் சூட்டிலும் சமைக்கக் கூடாது. மரப் பெல்லட்டுக்கு அங்கே தடையில்லை. விறகும் கரியும் போல அதுவும் அனுமதிக்கப்பட்ட எரிபொருள். இதற்கு மேல் இந்த வாதத்தில் ஒன்றும் இல்லை.

“புகை மணமே இருக்காது” என்பதில் பாதி உண்மை உண்டு. டெக்சாஸின் லாக்ஹார்ட், டெய்லர் ஊர்க் கடைகளில் ஓக் கட்டைகளை எரித்து வாட்டும் கறியின் அழுத்தமான மணத்தை இந்தப் பெட்டியிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சின்னத் தீ, காய்ந்த எரிபொருள், தடையில்லாத காற்று என எல்லாம் சேர்ந்து மரம் சுத்தமாக எரிந்துவிடுகிறது. அதனால் புகை குறைவு. ஆனால் வழி இருக்கிறது. கறியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு வையுங்கள்; குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில் புகை நன்றாகப் படியும். முதல் இரண்டு மணி நேரம் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே (93 செல்சியஸ்) விடுங்கள். சூடு குறைந்தால் புகை கூடும். பற்றவைத்ததும் குபுகுபுவென்று வரும் வெள்ளைப் புகையைப் பார்த்து உடனே கறியை ஏற்றிவிடாதீர்கள், கசக்கும். அது அடங்கி, இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வைக்கும் மெல்லிய நீலப் புகை வரட்டும்.

கறியை வெட்டியதும் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைக் காட்டி “புகை எவ்வளவு இறங்கியிருக்கு பார்” என்பவர்களும் உண்டு. தீயிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியிலுள்ள மயோகுளோபினோடு சேர்வதால் உண்டாகும் நிறம் அது. கண்ணுக்கு அழகு. நாக்குக்கு அதனால் ஒன்றும் இல்லை.

பையின் மேல் ஹிக்கரி என்றோ செர்ரி என்றோ போட்டிருந்தால் உள்ளே முழுக்க அந்த மரம்தான் என்று நம்ப வேண்டாம். பல பைகளில் ஓக் அல்லது ஆல்டர் மரம்தான் பெரும்பங்கு, பெயர் கொடுத்த மரம் கொஞ்சம். கலப்பு விவரம் அச்சிட்ட பையாகப் பார்த்து எடுங்கள். விலை குறைவு என்று வீட்டைச் சூடாக்கும் பெல்லட்டை வாங்கவே கூடாது. அதில் பைன் போன்ற பிசின் மரங்களும் சமையலுக்கு ஆகாத சேர்மானங்களும் இருக்கலாம். பெல்லட் ஒன்றைக் கையில் எடுத்து ஒடித்துப் பாருங்கள். நல்லது பளபளப்பாக இருக்கும், ‘டக்’கென்று ஒடியும். ஈரம் பட்டது விரலிலேயே உதிரும். அதைத் தொட்டியில் போட்டால் ஊதித் தூளாகித் திருகை இறுக்கிவிடும். பிறகு மொத்தத்தையும் கழற்ற வேண்டியதுதான்.

“ராத்திரி பொத்தானை அமுக்கிவிட்டுத் தூங்கலாம்” என்பது விற்பனைக்காரர் சொல்வது. முழு பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி, ஐந்தாறு கிலோ இருக்கும். 225 டிகிரியில் (107 செல்சியஸ்) பன்னிரண்டு மணி நேரம் தாண்டும். மணிக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை பெல்லட் போகும். தொட்டி நிறைந்திருப்பது போலத் தெரியும், ஆனால் திருகுக்கு நேர் மேலே குழி விழுந்து பெல்லட் இறங்காமல் தீ அணைந்திருக்கும். படுக்கப் போகும் முன் ஒரு முறை கிளறிவிடுங்கள். கறியின் உட்சூடு 65, 70 செல்சியஸில் மணிக்கணக்கில் நகராமல் நிற்பதைப் பார்த்து இயந்திரம் பழுது என்று பதறுவோர் நிறைய. கறியின் ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால்தான் அந்தத் தேக்கம். கறி சுற்றும் தாளில் பொதிந்துவிட்டால் தாண்டிவிடும். 95 செல்சியஸ் வாக்கில் கத்தி வெண்ணெயில் போல இறங்கினால் எடுக்கலாம்.

எதற்கும் குறைந்த சூடுதான் நல்லது என்பதும் தப்பு. நம் வீட்டு மசாலா தடவிய கோழியை 225 டிகிரியில் வைத்தால் தோல் ரப்பராகிவிடும். கோழிக்கு 350 டிகிரிக்கு (177 செல்சியஸ்) மேல் வேண்டும். உள்ளே 74 செல்சியஸ் எட்ட வேண்டும். ஸ்டேக்கின் மேல் நன்றாகச் சிவந்த பொறுக்கு வேண்டும் என்பவர்கள், தீ நேராகக் கறியில் படும்படி தட்டை நகர்த்தக்கூடிய மாடலைத் தேட வேண்டும்.

வைஃபை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானாக இருந்தால் அதைக் கடைசியில் கேட்பேன். சூட்டைச் சீராக வைத்திருக்கும் பிஐடி கட்டுப்பாடு, கனமான தகடு, இறுக்கமாக உட்காரும் மூடி, இவைதான் காசுக்கு வேலை செய்பவை. சதுர அங்குலக் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். மேல் தட்டையும் சேர்த்துத்தான் எண்ணியிருப்பார்கள். நான்கு பேர் குடும்பத்துக்குப் பெரிய பெட்டி வீண். குளிர்காலத்தில் பெல்லட்டைத் தின்று தீர்க்கும்.

கடையில் யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு: சாம்பல். மூடியைத் திறந்து, கம்பித் தட்டையும் கொழுப்பு வழியும் தகட்டையும் தூக்கி, அந்தச் சின்னக் கிண்ணம் எவ்வளவு சுலபமாகக் கைக்கு எட்டுகிறது என்று பாருங்கள். சில மாடல்களில் கீழிருந்து இழுத்தால் சாம்பல் கொட்டிவிடும். சிலவற்றில் ஒவ்வொரு முறையும் பாதி அடுப்பைப் பிரிக்க வேண்டும். சாம்பல் அடைத்தால் தீ பிடிக்காது. கொழுப்பு தேங்கினால் பிடிக்கக் கூடாத இடத்தில் பிடிக்கும். பிளக்கைப் பிடுங்கி அணைக்கும் பழக்கமும் வேண்டாம். மிச்சப் பெல்லட் எரிந்து தீரும் வரை ஃபேன் ஓட வேண்டும், இல்லையென்றால் தீ திருகு வழியே தொட்டிப் பக்கம் ஊரலாம்.

கராஜுக்குள் வைத்து ஓட்டாதீர்கள்; கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். மரத்தால் கட்டிய பால்கனியிலும், அத்தகைய சுவரிலிருந்து 10 அடிக்குள்ளும் தீ எரியும் அடுப்பு கூடாது என்பது அமெரிக்காவில் பல ஊர்களின் தீயணைப்பு விதி.