நிமிடக் கணக்கில் பாகு வராது

அன்புள்ள நிலா,

உன் கடிதம் கிடைத்தது. உதகைக்குப் போன பிறகு வீட்டிலேயே கடலை மிட்டாய் செய்து பார்க்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முதல் ஈடு பல்லில் ஒட்டிக்கொண்டது, இரண்டாவது ஈடு கசந்துபோனது என்று எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறாயே, "பாகு எத்தனை நிமிஷம் கொதிக்கணும், அதை மட்டும் சொல்லுங்க ஐயா" என்று, அந்த வரிதான் என்னை விடவில்லை. அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நம்பாதே.

உன்மேல் கோபம் இல்லையம்மா. 'மிதமான தீயில் எட்டு நிமிடம்' என்று கூசாமல் எழுதுகிற சமையல் குறிப்புகள் மேல்தான் கோபம். யார் வீட்டு அடுப்பில் எட்டு நிமிடம்? வாயகன்ற இரும்புச் சட்டியிலா, குறுகலான பாத்திரத்திலா? வெல்லம் கரைவதற்குக் கால் டம்ளர் தண்ணீர் விட்டார்களா, முழு டம்ளரா? இவற்றில் ஒன்று மாறினாலும் எட்டு ஐந்தாகும், அல்லது பதினைந்தாகும். இதையெல்லாம் சொல்லாமல் நிமிடத்தை மட்டும் சொல்வது, புதிதாகச் செய்கிற பிள்ளைகளை வேண்டுமென்றே குழியில் தள்ளுவதுதான்.

பாகு கொதிக்கும்போது நடப்பது ஒரே காரியம்: தண்ணீர் வெளியேறுகிறது. இனிப்புச் சேரச் சேரக் கரைசலின் கொதிநிலை ஏறும் என்பதை உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் கணக்கே போட்டிருக்கிறாய். அடுப்படிக்கு வந்ததும் அதை ஏன் வாசலிலேயே விட்டுவிட்டாய் என்பதுதான் என் குறை. தண்ணீர் நிறைய இருக்கும் வரை பாகு 105 டிகிரிக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருக்கும். ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். தண்ணீர் குறையக் குறைய ஏற்றம் வேகம் பிடிக்கும். மெத்தென்ற உருண்டை திரளும் பதத்தில் பாகில் இன்னும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு தண்ணீர் இருக்கிறது. கடலை மிட்டாய் 'படக்'கென்று உடைய வேண்டுமானால் அது ஒன்றிரண்டு பங்காகச் சுருங்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்தில் அரை நிமிடம் கவனம் பிசகினாலும் காரியம் கெட்டுவிடும். முதல் ஈட்டில் நீ கடிகாரத்தைப் பார்த்து இறக்கினாய்; தண்ணீர் இன்னும் உள்ளே இருந்தது; அதனால்தான் பல்லில் ஒட்டியது.

சரி, கடிகாரம் வேண்டாம் என்று இரண்டாவது தடவை வெப்பமானியை வைத்துக்கொண்டாய். புத்திசாலித்தனம்தான். குறிப்பில் 'முறியும் பதம் 146 முதல் 154 டிகிரி' என்று போட்டிருந்தது. 154 வரை விட்டாய். ஆனால் நீ இருப்பது எங்கே? கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே வெறும் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. அந்தக் குறிப்பில் இருக்கும் எண்கள் சென்னை மாதிரிக் கடலோர ஊருக்கு உரியவை. மலையில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். உன் ஊரில் ஏழு, ஏழரை டிகிரி. உனக்கு 139 முதல் 147 வரைதான் அந்தப் பதம். 154இல் நீ இறக்கியது பதம் தாண்டிய பாகு. அதுவும் வெள்ளைச் சர்க்கரை இல்லை, வெல்லம். அதில் சர்க்கரையோடு வேறு பலதும் கலந்திருப்பதால் சீக்கிரமே கருகும். கசப்பு வந்ததில் வியப்பில்லை.

இனிமேல் வெப்பமானியை உள்ளே வைத்துவிட்டு, அடுப்புப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள். இதை நம் பாட்டிமார் செய்தார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. அறிவியல் முறையிலேயே இதுதான் மேலான கருவி என்பது என் தீர்மானமான எண்ணம். வெப்பமானி காட்டுவது பாகின் சூட்டை. அந்தச் சூட்டிலிருந்து தண்ணீரின் அளவை நீ ஊகிக்க வேண்டும். ஊருக்கு ஊர் அந்த ஊகம் மாறும். கிண்ணம் அப்படி இல்லை. ஒரு சொட்டுப் பாகை அதில் விட்டால் நொடியில் ஆறிவிடுகிறது. அரைமணி கழித்துத் தட்டில் ஆறிக் கிடக்கப்போகும் மிட்டாய் எப்படி இருக்குமோ, அதை இப்போதே உன் விரலில் தருகிறது. உதகையானாலும் தூத்துக்குடியானாலும் அது சொல்வது ஒன்றுதான். வெல்லம் மாறினாலும், சட்டி மாறினாலும், தீ ஏறி இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன், நின்று நிதானமாகப் படி. பாகு நுரைத்துக் கொதிக்கத் தொடங்கியதும் முதல் சொட்டை விடு. தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். கொஞ்ச நேரம் கழித்து விட்டால் கரையாமல் அடியில் போய்ப் படியும். தொட்டால் குழகுழவென்று நழுவும். அடுத்து, விரலால் கூட்டினால் உருண்டை திரளும், அமுக்கினால் நசுங்கும். அதிரசத்துக்கு இறக்குகிற இடம் அதுதான். நீ இறக்காதே. இன்னும் போனால் உருண்டை கெட்டிப்படும். தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கும். நிறையப் பேர் சத்தம் வந்ததும் இறக்கிவிடுகிறார்கள். சத்தத்தோடு நின்றுவிடாதே. அந்த உருண்டையைத் தட்டி நீளமாக்கி இரண்டு கையாலும் ஒடித்துப் பார். வளைந்தால் பதம் வரவில்லை. வளையாமல் கண்ணாடிபோல் முறிந்தால் வந்துவிட்டது. கடித்தும் பார்; பல்லில் ஒட்டக் கூடாது. சோதிக்கிற ஒவ்வொரு தடவையும் தீயைத் தணித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நீ சொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டியில் இருப்பது அடுத்த பதத்துக்குப் போயிருக்கும்.

உன் ஊருக்கென்று ஒரே ஓர் எச்சரிக்கை. டிசம்பர், ஜனவரியில் உங்கள் குழாய்த் தண்ணீர் விரல் விறைக்கிற மாதிரி இருக்கும். அதில் விழுகிற பாகு உள்ளதைவிடக் கெட்டியாகத் தோன்றி ஏமாற்றும். தண்ணீரை முன்கூட்டியே பிடித்து, கொஞ்சம் வெந்நீர் கலந்து, ஐஸ் குளிர்ச்சி போன பிறகு பயன்படுத்து.

பதம் என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. சித்த மருத்துவத்தில் தைலம் காய்ச்சுவதைப் படித்திருக்கிறாயா? மெழுகுப் பதம், கடுகுப் பதம், மணல் பதம் என்று மூன்று நிலை சொல்வார்கள். எண்ணெயில் அடியில் நிற்கும் மூலிகைக் கற்கத்தை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துச் சொல்வது. மெழுகுபோல் திரண்டால் ஈரம் இன்னும் இருக்கிறது. மணல்போல் உதிர்ந்தால் ஈரம் போய்விட்டது. வைத்தியரும் அடுப்படியில் நிற்கிற பெண்ணும் அளந்தது ஒரே பொருளைத்தான்: மிஞ்சியிருக்கும் தண்ணீரை. பிரான்சின் இனிப்புக்காரர்களும் இப்படியே நூல், முத்து, இறகு, உடைதல் என்று பதங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். விரலைக் குளிர்ந்த நீரில் தோய்த்துக் கொதிக்கிற பாகைத் தொட்டுப் பார்த்தார்கள். பாரன்ஹீட் பாதரச வெப்பமானியைச் செய்தது 1714இல். அதற்கு முன்னாலும் உலகம் நல்ல மிட்டாய் தின்றுதான் இருந்தது. இந்தப் பெயர்களை 'கைப்பக்குவம்' என்று ஒரே சொல்லில் மூடிவிடுவதை நான் ஏற்கவே மாட்டேன். கைப்பக்குவம் என்றால் கற்றுத்தர முடியாது என்று பொருளாகிவிடுகிறது. இவை கற்றுத்தரக்கூடிய அளவுகள்.

விரலால் தொடுவது பற்றிச் சொன்னேனே என்று நீ அதைச் செய்துவிடாதே. கொதிநீர் பட்டால் வழிந்தோடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டு தோலை வேகவைக்கும். கரண்டியால் கிண்ணத்தில் விட்டு, ஆறிய பிறகே தொட வேண்டும். அக்கா பிள்ளைகள் உன்னிடம் வந்திருந்தால் அடுப்புப் பக்கம் விடாதே.

மற்றவை சுலபம். இரண்டு கப் வறுத்துத் தோல் புடைத்த கடலைக்கு ஒரு கப் பொடித்த வெல்லம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்ட வேண்டும். கல்லும் சக்கையும் இல்லாத வெல்லத்தை நான் பார்த்ததே இல்லை. கடலை வெதுவெதுப்பாக இருக்கட்டும். சில்லென்று ஆறின கடலையைக் கொட்டினால் நீ கிளறி முடிப்பதற்குள் பாகு இறுகிவிடும். நெய் தடவிய தட்டில் கொட்டி, சூட்டோடு உருளையால் தேய்த்து, முழுதும் ஆறுவதற்கு முன்பே கத்தியால் கீறிவிடு.

பதம் சரியாக இருந்தும் மறுநாள் பிசுபிசுத்தால் வெல்லத்தைச் சந்தேகப்படு. சர்க்கரை மூலக்கூறு பிளந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகும் என்பது உனக்குத் தெரியும். ஃப்ரக்டோஸை 1847இல் அடையாளம் கண்ட துப்ரன்ஃபோவைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய வெல்லம், புளிப்பேறிய வெல்லம் இவற்றில் இந்தப் பிளவு அதிகம். கடையில் 'பாகு வெல்லம்' என்று கேட்டு வாங்கு. பளபளவென்று வெளிர்மஞ்சளாக இருப்பதைப் பார்த்து மயங்காதே. அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் போட்டு வெளுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிளவு எப்போதும் கெடுதல் என்றும் எண்ணிவிடாதே. நாளைக்கு வெள்ளைச் சர்க்கரையில் எலுமிச்சை மிட்டாய் செய்யப் போனால் அதே பிளவுதான் உனக்குக் கைகொடுக்கும். வெறும் சர்க்கரைப் பாகு, சட்டியின் ஓரத்தில் ஒட்டிய ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு மொத்தமாகப் பூத்துப்போகும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கொஞ்சம் சர்க்கரை பிளந்து, மற்ற மூலக்கூறுகள் படிகமாக அடுக்கிக்கொள்ள விடாமல் தடுக்கும். நாலு சொட்டு என்றால் நாலு சொட்டுதான். அரை மூடி பிழிந்தால் மறுபடியும் பல்லில் ஒட்டும்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். கரிசல் மண்ணின் கடலை, தாமிரபரணித் தண்ணீர் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கொதித்துப் போகிற தண்ணீருக்கு என்ன பெருமை என்று நீ கேட்பாய். தண்ணீர்தான் போகிறது, அதில் கரைந்திருந்த உப்புகள் பாகிலேயே தங்குகின்றன. ஆகவே அந்தப் பேச்சை நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால், அந்த ஊரின் முதல் சொத்து, சட்டிக்கு முன்னால் நின்று சொட்டுவிட்டுப் பார்க்கிறவர்களின் கண்தான். ஊருக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்கி, கோவில்பட்டியில் பாகு காய்ச்சும் இடத்தில் நின்று பார்த்துவிட்டு வா.

தென்மேற்குப் பருவமழை முடியும் வரை செய்ததை எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வை. உங்கள் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தாலே நமத்துவிடும். அடுத்த ஈடு செய்ததும், என்ன வெல்லம் வாங்கினாய், எந்தப் பதத்தில் சத்தம் வந்தது, எந்தப் பதத்தில் ஒடிந்தது என்று எழுது. நிமிடக் கணக்கு எழுதாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்