90 நாள் முடியும் முன்பே வங்கியிடம் பேசுங்கள்

தொழில் தடுமாறும்போது வங்கிப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அந்த நோட்டீஸில் சர்ஃபேசி சட்டம், பிரிவு 13(2) என்று இருக்கும். ஈடு வைத்த சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் சட்டம் அது. மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்லியிருக்கும். அதற்குச் சில மாதங்கள் முன்பு, அதே கிளையில், கோர்ட் படி ஏறாமலேயே கடனைத் திருத்தி எழுதிக்கொள்ள ஒரு வழி திறந்திருந்தது என்பது பலருக்குத் தெரியாமலே போகிறது. எல்லா வங்கிகளிலும் சேர்த்து 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக அந்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். திருப்பூர் நிட்டிங் யூனிட், கோவை ஃபவுண்டரி, கரூர் தறிக்கூடம் எதுவானாலும் விதி ஒன்றுதான்.

முதலில் நாள் கணக்கு

கட்ட வேண்டிய தேதியில் தவணையோ வட்டியோ வரவில்லை என்றால் கணக்கு எஸ்.எம்.ஏ. 0 என்ற சிறப்புக் கவனிப்புப் பட்டியலுக்குப் போகிறது. 30 நாள் தாண்டினால் எஸ்.எம்.ஏ. 1. 60 தாண்டினால் எஸ்.எம்.ஏ. 2. 90 நாளைத் தாண்டினால் என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். டேர்ம் லோனில் இது எல்லாருக்கும் புரியும். ஏமாறுவது சி.சி. எனப்படும் கேஷ் கிரெடிட் கணக்கில்தான். லிமிட் 80 லட்சம், பாக்கி 78 லட்சம், அதனால் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வங்கி பார்ப்பது லிமிட்டை மட்டும் அல்ல, டிராயிங் பவரையும்தான், அதாவது கையிலுள்ள சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்து எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கையும்தான். இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டிய நிலை தொடர்ந்து 30 நாளுக்கு மேல் நீடித்தால் எஸ்.எம்.ஏ. 1 ஆகிவிடும்.

ஆகவே இந்த மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைக் கையில் எடுத்து நீங்களே கணக்குப் போடுங்கள். சரக்கு 60 லட்சம், அதில் சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியது 20 லட்சம். மீதி 40 லட்சத்தில் 25 சதவீத மார்ஜின் போக 30 லட்சம். வர வேண்டிய பாக்கியில் 90 நாளுக்கு உட்பட்டது மட்டும் 50 லட்சம். பாதி மார்ஜின் போக 25 லட்சம். ஆக டிராயிங் பவர் 55 லட்சம். மார்ஜின் விகிதம் உங்கள் சாங்ஷன் லெட்டரில் இருக்கும். ஒரு வருடமாக இழுத்தடிக்கும் பார்ட்டியின் பில்லையும் உள்ளே சேர்த்து எண்ணைப் பெரிதாக்கிக் காட்டாதீர்கள். ஸ்டாக் ஆடிட்டில் அது பிடிபட்டால், பிறகு நீங்கள் சொல்லும் எந்தக் கணக்கையும் வங்கி நம்பாது. பொய் ஸ்டேட்மென்ட் கொடுத்தவருக்குக் கடன் மறுசீரமைப்பே கிடைக்காமல் போகலாம்.

90 நாள் ஏன் இவ்வளவு முக்கியம்? என்.பி.ஏ. ஆகிவிட்டால் கணக்கு பெரும்பாலும் உங்களைத் தெரிந்த கிளையை விட்டு வசூல் பிரிவுக்குப் போய்விடும். அங்கே உங்கள் ஃபைலைப் பார்ப்பவர் உங்கள் பட்டறையைப் பார்த்திருக்கமாட்டார். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியபடி, பாக்கியில் கொஞ்சம் கட்டி கணக்கை மீட்கவும் முடியாது. நிலுவை முழுவதும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும்.

உத்யம் சான்றிதழ் வங்கி ஃபைலில் இருக்கிறதா?

உங்கள் தொழில் குறு, சிறு, நடுத்தர வகையில் பதிவானது என்று காட்டுவது உத்யம் சான்றிதழ். அதை வங்கியில் கொடுப்பது சின்ன வேலைதான், ஆனால் இதில்தான் வழக்கு தோற்கிறார்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களின் மீட்சிக்கான நடைமுறையை மத்திய அரசு 2015 மே 29 அன்று அறிவிக்கையாக வெளியிட்டது. ரிசர்வ் வங்கி அதை 2016 மார்ச் 17 சுற்றறிக்கையில் வங்கிகளுக்குக் கட்டளையாக்கியது. புரோ நிட்ஸ் நிறுவனம் கனரா வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. ஆனால் அதே தீர்ப்பு தொழில் நடத்துபவருக்கும் ஒரு பொறுப்பை வைத்தது: தான் இந்த வகையைச் சேர்ந்த நிறுவனம் என்பதை ஆவணத்தோடு வங்கிக்கு உரிய நேரத்தில் தெரிவித்திருக்க வேண்டும். சர்ஃபேசி நடவடிக்கை எல்லாம் முடிகிற வரை சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் வந்து கேட்க முடியாது. எனவே சான்றிதழின் நகலை ஒரு கவரிங் லெட்டரோடு கொடுத்து, இரண்டாவது நகலில் கிளையின் சீலும் தேதியும் வாங்கி வையுங்கள். இன்றே செய்யலாம், கடன் ஒழுங்காக ஓடும்போதே செய்வது இன்னும் நல்லது.

கேட்கப்போகும் முன் உங்கள் எண்களைப் பாருங்கள்

மறுசீரமைப்பு என்றால் பாரம் பாதியாகிவிடும் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். டேர்ம் லோன் பாக்கி 90 லட்சம், இன்னும் 36 மாதம். அசலுக்கு மாதம் 2.5 லட்சம். சி.சி. பாக்கி 80 லட்சம். வட்டி 12 சதவீதம், அதாவது மாதம் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் டேர்ம் லோனுக்கு 90 ஆயிரம், சி.சி.க்கு 80 ஆயிரம். மாதத்துக்கு மொத்தம் 4.2 லட்சம் கட்ட வேண்டும். தொழிலில் சம்பளம், கரண்ட், வரி எல்லாம் போகக் கையில் நிற்பது 3 லட்சம்.

இப்போது திருத்துவோம். டேர்ம் லோனை 90 மாதத்துக்கு நீட்டினால் அசல் மாதம் 1 லட்சம். சி.சி.யை டிராயிங் பவரான 55 லட்சத்துக்குக் குறைத்து, மேலே நிற்கும் 25 லட்சத்தைத் தனியே பிரித்து 50 மாதத்தில் கட்டும் கடனாக மாற்றினால் அதற்கு அசல் 50 ஆயிரம். வங்கியில் இதற்கு ஒர்க்கிங் கேபிடல் டேர்ம் லோன் என்று பெயர். வட்டி எல்லாம் சேர்த்து முன்போலவே 1.7 லட்சம். ஆக மாதம் 3.2 லட்சம். இத்தனையும் செய்தும் கையில் வரும் 3 லட்சத்தைவிட அதிகம். இந்தத் திட்டத்தோடு போனால் நல்ல மேனேஜரே திருப்பி அனுப்புவார், அனுப்பத்தான் வேண்டும்.

சும்மா கிடக்கும் ஒரு மனையை விற்று அந்த 25 லட்சத்தை அடைத்துவிட்டால்? மாதம் 75 ஆயிரம் குறைந்து 2.45 லட்சமாகிறது. 3 லட்சத்தை 2.45ஆல் வகுத்தால் 1.22. கடன் கட்டுவதற்குத் தேவையானதைப்போல் எத்தனை மடங்கு வருமானம் இருக்கிறது என்ற இந்த எண்ணைத்தான் வங்கியாளர் முதலில் தேடுவார். ஒன்றுக்குக் கீழே இருந்தால் பேச்சே இல்லை, 1.25ஐ ஒட்டி இருந்தால் காது கொடுப்பார். தொழில் நடத்துபவர் தன் பங்காக எதையாவது கொண்டுவராமல் வங்கி மட்டும் விட்டுக்கொடுக்கும் மறுசீரமைப்பு அநேகமாக நிலைப்பதில்லை. மனையை விற்க மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஏலத்தில் வங்கி விற்கும் விலையை நினைத்துப் பார்த்தால் மனம் வரும்.

வர வேண்டிய பணத்தையும் இதே கட்டத்தில் விரட்டுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று இத்தகைய தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் மனு போடலாம். நல்ல பார்ட்டியைப் பகைத்துக்கொள்வதா என்ற தயக்கம் நியாயமானதுதான். பழைய, உறவு முறிந்த பாக்கிகளிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம். 90ஆம் நாள் நெருங்கும்போது வெளியே தண்டல் பணமோ மீட்டர் வட்டியோ வாங்கி வங்கிக் கணக்கைச் சரிக்கட்டுவது. கணக்கு ஒரு மாதம் தப்பும், தொழில் தப்பாது.

மனு

கணக்கு என்.பி.ஏ. ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொழில் நொடிக்கும், கடன் கட்ட முடியாமல் போகும் என்று நியாயமான அச்சம் இருந்தாலே, அல்லது சேர்ந்த நட்டம் நிகர மதிப்பில் பாதியைத் தின்றிருந்தாலே, நீங்களாகவே மனு கொடுக்கலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கடன் என்றால் மனுவைக் கிளை 5 வேலை நாளுக்குள் வங்கியின் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும். 10 லட்சம் வரை கிளை மேனேஜரே முடிவெடுப்பார்.

மனுவில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: கடைசியாகத் தணிக்கையான கணக்கு, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற முழுப் பட்டியல், சிக்கல் எதனால் வந்தது, அதைத் தீர்க்க நீங்கள் சொல்லும் வழி. இரண்டாவதில்தான் மறைப்பார்கள். ஜி.எஸ்.டி. பாக்கி, பி.எஃப். பாக்கி, மச்சானிடம் வாங்கிய கைமாற்று உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள். மூன்றாவதில் ‘மார்க்கெட் சரியில்லை’ என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எந்த ஆர்டர் எந்த மாதம் ரத்தானது, நூல் விலை எப்போது ஏறியது, எந்த மெஷின் எத்தனை நாள் நின்றது என்று எழுதினால்தான் இது தற்காலிக நோயா, தீராத நோயா என்று கமிட்டிக்குப் புரியும். ஆடிட்டரிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடாமல் இந்தப் பகுதியை நீங்களே எழுதுங்கள். கேள்வி கேட்கும்போது பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

கமிட்டி என்ன செய்யும்

வங்கியின் வட்டார அல்லது மண்டலத் தலைவர் தலைமை ஏற்பார். வங்கியின் சிறுதொழில் கடன் அதிகாரி, வெளியிலிருந்து ஒரு நிபுணர், மாநில அரசின் பிரதிநிதி ஆகியோரும் இருப்பார்கள். முதல் கூட்டம் கூடியதிலிருந்து 30 நாளில் மூன்றில் ஒரு வழியை முடிவு செய்ய வேண்டும்: சரிசெய்தல், மறுசீரமைப்பு, வசூல்.

என் கருத்தில், முடிந்தவரை முதல் வழியையே கேளுங்கள். கடன் நிபந்தனைகளை மாற்றாமல், இத்தனை நாளில் இந்தப் பணம் வரும், கணக்கை ஒழுங்காக்குகிறேன் என்று உறுதி கொடுப்பது அது. தேவைப்பட்டால் கொஞ்சம் கூடுதல் கடனும் கிடைக்கலாம். இதில் கணக்கின் தரம் இறங்காது. மறுசீரமைப்பு என்று போனால், வழக்கமான விதிப்படி, நல்ல நிலையில் இருக்கும் கணக்கும் என்.பி.ஏ.வாக இறக்கப்படும். 2019இலும் கொரோனாக் காலத்திலும் தரம் இறங்காமல் திருத்திக்கொள்ளச் சிறப்புத் திட்டங்கள் வந்தன, அவை முடிந்துவிட்டன. பக்கத்து யூனிட்காரருக்கு அன்று கிடைத்ததை இன்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கமிட்டி வசூல்தான் என்று முடிவெடுத்தால் 10 வேலை நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

இரண்டு மூன்று இடங்களில் கடன் இருந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே எண்களோடு கடிதம் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் ரகசியமாகக் கட்டிவருவது மற்றவருக்குத் தெரியாமல் போகாது. பெரிய நிறுவனங்களுக்கு வேறு ஏற்பாடு. 2018 பிப்ரவரி 12 அன்று ரிசர்வ் வங்கி போட்ட கடுமையான சுற்றறிக்கையை, சென்னையைச் சேர்ந்த தரணி சுகர்ஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 2 அன்று ரத்து செய்தது. அதன்பின் அதே ஆண்டு ஜூன் 7 அன்று வந்த நடைமுறையில், கடன் மதிப்பில் 75 சதவீதமும் எண்ணிக்கையில் 60 சதவீதமும் கொண்ட கடன் கொடுத்தோர் ஒத்துக்கொண்டால் மீதிப் பேரையும் அது கட்டுப்படுத்தும்.

கையெழுத்துக்கு முன்

புதிய சாங்ஷன் லெட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள். அசல் கட்டத் தேவையில்லாத விடுமுறைக் காலத்தில் வட்டி மாதாமாதம் கட்ட வேண்டுமா, இல்லை அதுவும் தனிக் கடனாகச் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் பின்னால் கட்ட வேண்டிய தொகை கூடும். தொழில் நன்றாக வந்தால் விட்டுக்கொடுத்ததை வங்கி திரும்பக் கேட்கும் ஷரத்து இருக்கும். எந்த அளவுக்கு, எப்போது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கூடுதல் ஈடாகக் குடியிருக்கும் வீட்டைக் கேட்டால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

ஜாமீன் போட்டவரையும் கையெழுத்துக்குக் கூப்பிடுவார்கள். அவர் சம்மதம் இல்லாமல் நிபந்தனையை மாற்றினால் அதன்பின் வரும் பொறுப்பிலிருந்து அவர் விடுபடுவார் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 133ஆம் பிரிவு சொல்வதால்தான் வங்கி இதில் கவனமாக இருக்கிறது. அவர் உங்கள் தம்பியோ, மாமனாரோ, பழைய பார்ட்னரோ, யாராயிருந்தாலும் தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கட்ட முடியாமல் போனால் வங்கி அவரையும் தேடி வரும்.

வங்கி வட்டியைத் தள்ளி ஒரே தவணையில் செட்டில்மென்ட் செய்யலாம் என்று சொன்னால், அது தொழிலை மூடுகிறவருக்கான வழி. கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். அதே வங்கியில் குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக் கடன் கிடைக்காது.

மறுசீரமைப்பு அமலுக்கு வந்த பிறகு கணக்கில் ஒரு தவணைகூடப் பிசகக் கூடாது. அசல் விடுமுறை மிக நீளமாக உள்ள கடனில் முதல் வட்டி, முதல் அசல் இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதைக் கட்ட வேண்டிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு ஒழுங்காகக் கட்டினால்தான் கணக்கு மறுபடி நல்ல தரத்துக்கு உயர்த்தப்படும். அந்த ஓராண்டுக்கு விற்பனைப் பணம் முழுவதையும் அதே வங்கிக் கணக்கின் வழியாக நடத்துங்கள். ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை நாள் தவறாமல் கொடுங்கள். ஆண்டு முடிந்ததும் தரம் உயர்த்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உயர்த்திய பின் கடன் அறிக்கையை எடுத்து அங்கேயும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் வங்கியிடமும் அறிக்கை தரும் நிறுவனத்திடமும் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள்.