பொது வட்டைக் காக்கும் முறை

இரயில் பயண முன்பதிவு, வங்கிக் கணக்கு, மின்கட்டண வசூல் ஆகிய பொதுப்பணிகள் இன்று கணிப்பொறிகளைச் சார்ந்தே நடைபெறுகின்றன. இந்திய இரயில்வே 1985-ஆம் ஆண்டு புது தில்லியில் கணிப்பொறிவழி முன்பதிவைச் சோதனை முறையில் தொடங்கியது. இத்தகைய பணிகளில் ஒரு கணிப்பொறி பழுதுற்றால் மக்கள் காத்து நிற்க நேரிடும். இதனைத் தவிர்க்க, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சர்வர் கணிப்பொறிகளை ஒரு தொகுதியாக இணைத்து, அவற்றிற்குப் பொதுவான வட்டுச் சேமிப்பகம் ஒன்று அமைக்கப்படுகிறது. ஒன்று நின்றால் மற்றொன்று அதே வட்டிலுள்ள விவரங்களைக் கொண்டு பணியைத் தொடரும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1983-இல் அறிவித்த வாக்ஸ் தொகுதி இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

இரட்டை ஆட்சியின் தீமை

தொகுதியிலுள்ள கணிப்பொறிகள் தாம் இயங்குவதை இடைவிடாத சைகைகளால் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்கின்றன. இவற்றிடையே உள்ள கம்பி மட்டும் அறுந்துவிட்டால், மற்றது செயலிழந்ததாக ஒவ்வொன்றும் கருதும். இரண்டுமே வட்டில் எழுத முற்படும். வட்டின் எப்பகுதி காலியாக உள்ளது என்ற குறிப்பை ஒவ்வொன்றும் தன் நினைவகத்தில் தனித்தே வைத்திருப்பதால், ஒன்றின் பதிவை மற்றொன்று அழித்துவிடக்கூடும். ஒரே படுக்கை இரு பயணிகளுக்கு ஒதுக்கப்படலாம். வட்டின் இரட்டைப் பிரதியும் இங்கு உதவாது. பிழையான பதிவு அதிலும் அவ்வாறே ஏறிவிடும்.

பெரும்பான்மை விதி

இதற்கான முதற்காப்பு வாக்கு முறையாகும். மூன்று வாக்குகள் உள்ள தொகுதியில் இரண்டைப் பெற்ற பிரிவே இயங்கலாம். எஞ்சியது தானாகவே நின்றுவிட வேண்டும். இரண்டே கணிப்பொறிகள் உள்ள இடத்தில் மூன்றாவது வாக்கு ஒரு சாட்சி வட்டுக்கு அளிக்கப்படுகிறது.

ஆனால், இயக்கம் உறைந்துபோன கணிப்பொறி சற்று நேரம் கழித்து விழித்தெழுந்து, பாதியில் விட்ட பதிவைத் தொடரலாம். எனவே இரண்டாம் காப்பும் இன்றியமையாதது. ஸ்கசி தரமுறைப்படி ஒவ்வொரு கணிப்பொறியும் தனக்குரிய 64 பிட் திறவுகோலை வட்டில் பதிவு செய்கிறது. பொறுப்பேற்கும் கணிப்பொறி மற்றதன் திறவுகோலை நீக்கியதும், அதன் எழுத்தை வட்டே மறுத்துவிடும். இவ்வசதி இல்லாத இடங்களில் பழுதுற்ற பொறியின் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. துண்டிப்பு உறுதியான பின்னரே பொறுப்பு மாறும்.

சைகைக் கம்பிகளை இரு தனி வழிகளில் அமைப்பதும், பணி தொடங்குமுன் அவற்றைக் கழற்றிச் சோதிப்பதும், விவரங்களின் காப்புப் பிரதியை வேறிடத்தில் வைப்பதும் நிர்வாகத்தின் கடமைகள். சிறிது நேரத் தடங்கலை மக்கள் பொறுத்துக்கொள்வர். பதிவேடே பிழைபட்டால் அதன்மீது அவர்கள் கொண்ட நம்பிக்கையை மீட்பது அரிது.