வீட்டில் இரண்டு ரவுட்டரா? சப்நெட்டைக் கவனியுங்கள்

1. கம்ப்யூட்டரின் ஐபி முகவரி 192.168.1.23, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால், முதல் மூன்று எண்களைத் தெருப் பெயராகவும் கடைசி எண்ணைக் கதவு எண்ணாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கில் 255 உள்ள இடமெல்லாம் தெரு.

2. கடைசி எண் 0 என்பது அந்த சப்நெட்டையே குறிக்கும். 255 என்பது எல்லாக் கருவிகளையும் ஒருசேர அழைப்பதற்கு. இரண்டையும் எந்தக் கருவிக்கும் கொடுக்க முடியாது. மீதி 254. வீட்டுக்குத் தாராளம்.

3. ரவுட்டரின் ஒரு போர்ட்டுக்கு 192.168.1.1 என்று முகவரி கொடுத்து, அந்த இணைப்பும் உயிரோடு இருந்தால், 192.168.1.0 சப்நெட் முழுவதும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று ரவுட்டர் தானாகவே குறித்துக்கொள்ளும். இதுதான் நேரடி இணைப்பு வழி. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இணைப்பு அறுந்தால் குறிப்பும் ரவுட்டரின் வழிப் பட்டியலிலிருந்து போய்விடும். பட்டியலில் இல்லாத மற்ற தெருக்களுக்குப் போகும் தகவலை மட்டும், வெளிவாசலான டீஃபால்ட் கேட்வே வழியாக ரவுட்டர் அனுப்பும்.

4. இதைக் கண்ணால் பார்க்க ஆசையா? கம்ப்யூட்டரும் இதே போன்ற பட்டியலை வைத்திருக்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ரவுட் பிரிண்ட்’ (route print) கட்டளையைக் கொடுங்கள். கேட்வே பத்தியில் முகவரிக்குப் பதில் ‘ஆன்-லிங்க்’ என்று இருக்கும் வரிகள் நேரடி இணைப்புகள். 0.0.0.0 என்று தொடங்கும் வரி, வெளியுலகத்துக்கான வழி.

5. வில்லங்கம் இரண்டாவது ரவுட்டர் வாங்கும்போதுதான் வரும். இணைய நிறுவனம் தந்த பெட்டி 192.168.1.1. கடையில் வாங்கியதும் 192.168.1.1. முதல் பெட்டியிலிருந்து வரும் கேபிளைப் புதியதன் வான் போர்ட்டில் (இணையம் வரும் துளை) செருகினால், அதன் இரு பக்கமும் ஒரே சப்நெட். வெளியே போகும் தகவலை 192.168.1.1-க்கு அனுப்ப வேண்டும். ஆனால் அந்த முகவரி தன்னுடையதே! வைஃபை முழுப் புள்ளிகளோடு தெரியும், இணையம் மட்டும் வராது. சில ரவுட்டர்கள் தாமே முகவரியை மாற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும் அப்படி நம்ப முடியாது.

6. தீர்வு எளிது: புதிய ரவுட்டரின் லான் முகவரியை (வீட்டுப் பக்க முகவரி) 192.168.50.1 என்று மாற்றுங்கள். ‘சேவ்’ கொடுத்ததும் பிரவுசரில் பழைய முகவரியில் ரவுட்டரின் பக்கம் திறக்காது; பயப்படாமல் புதிய முகவரியில் நுழையுங்கள்.

7. வைஃபை மாடி வரை எட்டினால் போதும் என்றால் இரண்டு சப்நெட்டே வேண்டாம். புதியதன் லான் முகவரியை 192.168.1.2 ஆக்கி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைத்து, லான் போர்ட்டிலிருந்து லான் போர்ட்டுக்குக் கேபிள் போடுங்கள். 192.168.1.2 வேறு கருவிக்குப் போகாதபடி முதல் ரவுட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். என் ஓட்டு இதற்குத்தான். பிரிண்டர், டிவி, போன் எல்லாம் ஒரே சப்நெட்டில் இருப்பதால் ஒன்றையொன்று எளிதாகக் கண்டுகொள்ளும்.

8. கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் கேபிளையும் டிஹெச்சிபியையும் பாருங்கள்.

9. முதல் ரவுட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், பொது முகவரி உங்களுக்குத் தனியாக இல்லை. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகத் திறக்க போர்ட் ஃபார்வர்டிங் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள்.

10. எதை மாற்றினாலும், புதிய லான் முகவரியை ஒரு சீட்டில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். நிறுவனம் அச்சடித்த ஸ்டிக்கரில் பழைய எண்தான் இருக்கும்.