காலணி வழியே ஐந்து பொது அறிவு வினாக்கள்

மாநிலம், பல்கலைக்கழகம், கைவினை, காலணி, நோய் என்னும் ஐந்தும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். நம் கனகம்மாசத்திரத்திலிருந்து புறப்பட்டு இவ்வைந்தையும் வினா-விடையாகக் காண்போம். பெரியோரும் உடனமர்ந்து படித்தல் நலம். ஐந்தாம் வினா அவர்களுக்கே உரியது.

1. திருத்தணி நம் மாநிலத்துடன் இணைந்த நாள் எது?

1960 ஏப்ரல் 1. அதற்கு முன் அஃது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாற்றச் சட்டம் 1959இல் இயற்றப்பெற்றது. அன்று 'சென்னை மாநிலம்' என வழங்கிய நம் மாநிலம், 1969இல் 'தமிழ்நாடு' எனப் பெயர் பெற்றது.

2. திருத்தணியில் பிறந்து இரு பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தரானவர் யார்?

டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1888இல் பிறந்த அவர், ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் (1931-36), காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் (1939-48) அப்பொறுப்பை வகித்தார். பின்னர் 1962இல் குடியரசுத் தலைவரானார்.

3. கோலாப்பூரிச் செருப்பு எம்மாநிலங்களின் கைவினை?

மகாராட்டிரம், கருநாடகம் ஆகிய இரண்டிற்கும் உரியது. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலைக் கையால் தைத்துச் செய்வர். தமிழகத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டை பயன்பட்டது. கைவினைஞரின் திறம் போற்றத்தக்கதே. ஆயினும் தோல் ஓர் உயிரினுடையது என்பதால், அதனைத் தவிர்ப்போர் நம்மிடையே உளர். அவர்களுக்குத் துணி, ரப்பர் முதலியவற்றாலான காலணிகள் உள்ளன.

4. வெறுங்காலின் வழியே உடலுள் நுழையும் புழு எது?

கொக்கிப்புழு. மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் இதன் இளம்புழு, பாதத் தோலைத் துளைத்துக் குருதி வழியே நுரையீரலை அடைந்து, இறுதியிற் குடலிற் தங்கிக் குருதியை உறிஞ்சும். அதனால் இரத்தசோகை உண்டாகும். கழிப்பறையும் காலணியும் இதற்குத் தடைகளாகும்.

5. வலிக்காத புண் கொடியதாவது ஏன்?

வலி என்பது உடலின் காவலன். தொழுநோயாளர் கால்களிற் புண் தோன்றுவதற்குத் தசை தானே அழுகுவது காரணமன்று. உணர்விழந்த பாதம் காயத்தை அறியாமையே பெருங்காரணம் என்பதை வேலூரிற் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் விளக்கினார். அத்தகைய பாதங்களுக்கென மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்புகள் செய்யப்பெற்றன. நீரிழிவும் நாளடைவில் பாத நரம்புகளைக் கெடுத்து உணர்வைக் குறைக்கும். ஆதலின் அச்செருப்பு நீரிழிவாளர்க்கும் பயன்படுகிறது.

என் தமையனார் செருப்பணிவதில்லை என்னும் நியமம் பூண்டவர், நீரிழிவும் உடையவர். காலில் தைத்த முள்ளை அவர் உணரவே இல்லை. நாட்கள் சென்று புண்ணைக் கண்டபோது, இரண்டு விரல்களை நீக்க வேண்டியதாயிற்று. உடனிருந்த நாங்கள் எவரும் அவர் பாதத்தை ஒருநாளும் நோக்கவில்லை.

நம் முனிவர் சிற்றுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் நிலம் நோக்கி நடப்பர். அக்கருணைக்கு நம் உடலும் உரியதன்றோ? நியமம் பூண்ட நீரிழிவாளர் குருவையும் மருத்துவரையும் கலந்து முடிவு செய்க. ஆலயத்திற் காலணி கழற்ற வேண்டியிருப்பதால், கல் சுடாத காலை வேளையிற் செல்க.

பயிற்சி: செல்வங்களே, இன்றிரவு விளக்கொளியில் உங்கள் தாத்தா, பாட்டியின் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். சிவப்போ, கொப்புளமோ, வெடிப்போ கண்டால் பெற்றோரிடம் உடனே கூறுங்கள். நாள்தோறும் இதனைச் செய்தலே இப்பாடத்தின் விடைத்தாள்.