சமம் என்னும் ஆத்மகுணம்



ஆத்மகுணங்களுள் ப்ரதானமானவை சமமும் தமமும் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்கிறார். இவ்விரண்டும் உண்டானால் ஆசார்யனும், அவன் வழியே திருமந்த்ரமும், அதன் வழியே எம்பெருமானும் கைப்படுவர் என்பது அவர் காட்டும் க்ரமம். இவ்வளவு பெரிய பேற்றுக்கு முதற்படியாய் நிற்கும் சொல்லைச் சற்றே ஆராய்வோம்.

தமிழெழுத்தில் 'சமம்' என்று கண்டவுடன் ஒப்பு என்னும் பொருளே தோன்றும். அது 'ஸமம்', வேறு சொல். இங்குள்ளது அடங்குதல் என்னும் பொருளுடைய தாதுவிலிருந்து பிறந்தது. 'சாந்தி' என்பதும் அதிலிருந்து வந்ததே. தமிழில் இதற்கு மிக அணுகிய சொல் 'ஆறுதல்' என்று நமக்குத் தோன்றுகிறது. பால் ஆறும்; புண் ஆறும்; சினமும் ஆறும். வ்யாக்யானங்களில் பயிலும் 'ஆறியிருக்கை' இவ்வழி வந்ததே.

சமம் மனத்தை அடக்குதல், தமம் புறப்புலன்களை அடக்குதல் என்பது பொதுவழக்கு. எம்பெருமானாரும் கீதாபாஷ்யத்தில் 10ஆம் அத்யாயத்தில் இவ்வாறே அருளிச்செய்கிறார். 18ஆம் அத்யாயத்திலோ சமத்தைப் புறப்புலன்களுக்கும் தமத்தை மனத்துக்கும் மாற்றி அருளுகிறார். இதனை முரணாகக் கொள்ள வேண்டா. ஒன்று அடங்காதபோது மற்றொன்றும் அடங்காதிறே.

புதுவைக்கு வடக்கே கனகசெட்டிக்குளத்துக் கடற்கரையில் இதனைப் பேசிக்கொண்டிருந்தபோது, உடனிருந்த ஸ்வாமி ஒருவர் தயங்கியபடியே கேட்டார். திருவாய்மொழி சேவிக்கையில் தமக்குக் கண்ணீர் பெருகுவதைச் சிலர் அடக்கமின்மை என்றனராம். "ஆறியிருப்பதே குணமென்றால், ஆழ்வார் அழுததும் அலற்றியதும் குறையாகாதோ, ஸ்வாமி?" என்றார்.

எதிரே அலை ஓயவில்லை. கீதை 2-70இல் எம்பெருமான் த்ருஷ்டாந்தமாகக் காட்டுவதும் கடலையே. ஆறுகள் புகினும் புகாதொழியினும் கடல் அதனால் வேறுபடாது. அவ்வாறே விஷயங்கள் வந்து புகுந்தாலும் நெஞ்சு வேறுபடாமையே அங்கே சாந்தியாகச் சொல்லப்பட்டது. ஆழ்வாருடைய கலக்கமோ விஷயங்களால் வந்ததன்று. கண்ணன் உரலோடு கட்டுண்ட எளிமையை 1-3ஆம் திருவாய்மொழியில் நினைந்து, ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்பர் பூர்வர்கள். பிற விஷயங்களில் ஆறின நெஞ்சுக்கன்றோ இது கூடும்!

பிராட்டியையும் நினைக்கலாம். அசோகவனத்தில் அவள் கண்ணீர் வற்றவில்லை. ஆயினும் திருவடி தன் தோளிலே எழுந்தருளப்பண்ணிப் போவதாக விண்ணப்பித்தபோது, பெருமாள் தாமே வந்து மீட்பதே அவருக்குத் தகும் என்று மறுத்தாள். ராவணனைச் சாம்பலாக்கவல்ல சக்தி இருந்தும், பெருமாள் நியமனம் இல்லாமையால் அதனை எடுத்தாளவில்லை. அழுகையும் ஆறியிருக்கையும் அங்கே ஓரிடத்தில் கூடியிருந்தன. அந்த ஸ்வாமிக்கு நாம் விண்ணப்பித்தது இவ்வளவே.